ரத்தம் கேட்ட எண்பத்தாறாம் நம்பர்

கவரைப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டினால் ஒரு பஞ்சர் கடை. அதன் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டவன் பாக்கியசாலி. எட்டரைக்கு வந்தவன் வெயிலில் நிற்பான். ஒன்பதுக்கு வந்தவன் வரிசையின் வாலைத் தேடிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் நடப்பான்.

உள்ளே இலவச அரிசியா கொடுக்கிறார்கள்? இல்லை. மின்னல் சாமி அருள்வாக்கு சொல்கிறார். எதைப் பற்றி? காரைப் பற்றி. யாருடைய காரைப் பற்றி? அங்கேதான் விசேஷம். வரிசையில் நின்ற நூற்றுச் சொச்சம் பேரில் ஒருத்தனிடமும் கார் கிடையாது. இன்னும் வராத காருக்குத்தான் இத்தனை பேரும் தோஷம் பார்க்க வந்திருந்தார்கள்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொல்ல வேண்டும். 2008-இல் பெட்ரோல் விலை ஏறியது. அதே சமயம் பார்த்து 'மின்மினி' என்று ஒரு பேட்டரி கார் வரப்போவதாக விளம்பரம் வந்தது. பெட்ரோல் வேண்டாம், புகை கிடையாது, சத்தம் கிடையாது, வீட்டு பிளக்கில் ஏழு மணி நேரம் செருகி வைத்தால் போதும். அத்திப்பட்டில் மலை மலையாகக் கரியை எரித்து ஊர் உலகத்துக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிறார்களே, பக்கத்திலிருக்கும் கும்மிடிப்பூண்டியில் ஏழு மணி நேரம் சேர்ந்தாற்போல் கரண்ட் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. சிப்காட் தொழிலாளர் சொசைட்டி மொத்தமாக இருநூற்று நாற்பது கார்களுக்குப் பதிவு செய்தது. ஆளுக்கு ஒரு சீட்டு. சீட்டில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். முறை வரும்போது அம்பத்தூர் ஷோரூமிலிருந்து லெட்டர் வரும். வந்த பத்து நாளைக்குள் போய் வண்டியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் முறை போச்சு. வரிசையின் கடைசிக்குப் போய் இரண்டு வருஷம் நிற்க வேண்டியதுதான். வேண்டாம் என்பவர் சீட்டின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டால், அந்தச் சீட்டை வைத்திருப்பவர் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி விதியைச் சொசைட்டிக்காரர்கள் யாரும் கவனமாகப் படிக்கவில்லை. மின்னல் சாமி படித்திருந்தார்.

சாமி அதற்கு முன்பு உள்ளங்கையில் தேங்காயை நிற்க வைத்து போர்வெல்லுக்குத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆலைகள் உறிஞ்சிய உறிஞ்சலில் தண்ணீர் முந்நூறு அடிக்குக் கீழே போய்விட்டது. தேங்காய் நின்ற இடத்தில் எல்லாம் புழுதி வந்தது. அவர் தொழிலை மாற்றிக்கொண்டார். கெட்டிக்காரர்.

அவர் கொடி கட்டிப் பறக்கக் காரணம் பரசுராமன். நம்பர் ஒன்று அவனுடையது. போன வருஷம் சாமி அவன் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த வண்டி ரத்தம் கேக்குதுப்பா, எடுக்காத" என்றார். பரசுராமன் கேட்கவில்லை. எடுத்த நாலாம் நாள் ரயில்வே கேட் வளைவில் ஓர் எருமையின் மேல் போய் முட்டினான். நெற்றியில் நாலு தையல். ஊர் வாயில் விழுந்ததும் நாலு பதினாலாகி, ஆடி பிறப்பதற்குள் நாற்பதாகிவிட்டது. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை யாரும் சொல்வதில்லை.

தேசப்பனின் நம்பர் எண்பத்தாறு.

இரும்பு உருக்கும் மில்லில் அவர் கிரேன் ஆபரேட்டர். கொதிக்கிற உலைக்கு மேலே, அந்தரத்தில் உட்கார்ந்துகொண்டு முப்பது டன் வாளியைப் பூப்போலத் தூக்கி வைப்பார். கீழே நிற்பவனுக்கு ஈரக்குலை நடுங்கும், அவருக்கு நடுங்காது. அப்பேர்ப்பட்ட ஆள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாராவது தும்மினால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

அவருக்குக் கார் ஆடம்பரத்துக்கு அல்ல. மனைவி கெங்கம்மாளுக்காக. அவளும் அதே மில்லின் சாம்பிள் ரூமில் பன்னிரண்டு வருஷம் இரும்புத் துண்டுகளைத் தேய்த்துப் பரிசோதனைக்கு அனுப்பும் வேலை பார்த்தவள். தேய்த்த தூள் நுரையீரலில் தங்கிவிட்டது. மாதம் இரண்டு தடவை சென்னைக்கு டாக்டரிடம் போக வேண்டும். பஸ்ஸில் போனால் லாரிப் புழுதி, ஷேர் ஆட்டோவில் போனால் டீசல் புகை. வைத்தியத்துக்குப் போய்விட்டு, போனதைவிட மோசமாய்த் திரும்பி வருவாள். "கண்ணாடிய ஏத்தி வுட்டுக்கினு போலாம் புள்ள, பொகையே வராத வண்டி" என்று சொல்லித்தான் அவர் பதிவு செய்தார். பதிமூன்று மாதம் அந்த லெட்டருக்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

லெட்டர் ஆடி இரண்டாம் தேதி வந்தது.

"ஆடியிலயா?" என்றார் தேசப்பன். முகம் சுருங்கிவிட்டது.

"தபால்காரர் ஆடியில வரக்கூடாதுன்னு சட்டமா? போய் எடுத்துக்கினு வாய்யா" என்றாள் கெங்கம்மாள்.

"ஒரு வார்த்த மின்னல் சாமியாண்ட கேட்டுட்டு எடுத்துர்றேன். மனசுக்கு ஒரு தெம்பு."

தெம்பு தேடிப் போனார். கொட்டகை வாசலில் சாமியின் மைத்துனன் கலியன் மேசை போட்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். எல்லோரிடமும் அன்பாக ஒரே கேள்விதான் கேட்பான்: "இன்னா நைனா, லெட்டர் வந்துச்சா?" வரவில்லை என்றவருக்கு வெள்ளை டோக்கன், வந்துவிட்டது என்றவருக்குப் பச்சை டோக்கன். லெட்டர் வந்தவர்களுக்கு அவசரம் என்பதால் அப்படியாம். தேசப்பன் பச்சை வாங்கிக்கொண்டு, நூற்றியொரு ரூபாய் வைத்துவிட்டு உள்ளே போனார். சீட்டின் ஜெராக்ஸ் போதும்.

சாமி அந்தக் காகிதத்தை ஒரு மஞ்சள் துணியில் சுருட்டித் தாம்பாளத்தில் வைத்தார். கையை நீட்டினார். பக்கத்தில் நின்ற சிஷ்யன் டோக்கனைப் பார்த்துவிட்டு, இரண்டு செம்புகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். சாமி கண்ணை மூடி, உதட்டை அசைத்து, தீர்த்தத்தைத் தெளித்தார். மஞ்சள் துணியில் சிவப்பாய் ஒரு திட்டு பரவியது.

கொட்டகையே "ஐயோ" என்றது.

"ரத்தம் கேக்குது" என்றார் சாமி. "ஓட்டறவன் ரத்தம் இல்ல. பக்கத்துல குந்திக்கினு வர்றாங்களே, அவுங்க ரத்தம்."

பக்கத்தில் உட்கார்ந்து வரப்போவது யார்? சாமிக்கு ஞானதிருஷ்டி எதற்கு? கல்யாணமான ஆம்பிளை கார் வாங்கினால் பக்கத்தில் யார் உட்காருவார் என்று பஞ்சர் ஒட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும். தேசப்பனுக்குத்தான் அது தெய்வவாக்காகக் கேட்டது.

பரிகாரம் சுலபம். அசல் சீட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கினி குண்டத்தில் போட்டுவிட வேண்டும். தோஷம் எரிந்துவிடும். இரண்டு வருஷம் கழித்துச் சுத்தமான வண்டி வரும். எரிக்கப்போகிற காகிதத்துக்குக் கையெழுத்து எதற்கு என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். கெங்கம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"எங்கிட்ட ஏதுய்யா ரத்தம்? இருந்ததெல்லாம் டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு ஆஸ்பத்திரிக்காரன் எடுத்துக்கினு பூட்டான்னு சொல்ல வேண்டியதுதான?"

"வெளாடாத. உனக்கு எதுனா ஆச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். பொய் இல்லை. அந்த மனுஷனுக்கு உலகத்தில் வேறு பயமே கிடையாது, அவள் போய்விடுவாளோ என்பதைத் தவிர. ஏமாற்றுகிறவன் முதலில் தேடிப் பிடிப்பது அந்த ஓர் இடத்தைத்தான்.

வியாழக்கிழமை சென்னைக்கு ஷேர் ஆட்டோவில் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டுகூடப் போய்ச் சேரவில்லை. முன்னால் போன லாரி கறுப்பாய் ஒரு மூச்சு விட்டது, கெங்கம்மாளுக்கு மூச்சு நின்றுவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, மூக்கில் மிஷினை வைத்து, உதட்டில் நிறம் திரும்ப ஒரு மணி நேரம் ஆயிற்று. தேசப்பன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேச முடிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "அந்த வண்டி இருந்திருந்தா இது நடந்திருக்குமா?"

அவர் அவள் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருசம் என்னால தாங்க முடியாதுய்யா. சரி, ஒண்ணு கேக்கறேன். மில்லுல லேபுக்காரன் பொய் ரிப்போர்ட்டு எழுதறானோன்னு சந்தேகம் வந்தா இன்னா பண்ணுவோம்?"

"ஒரே பீஸ ரெண்டா அறுத்து, வேற வேற ஆளாண்ட குடுத்து அனுப்புவீங்க."

"ரெண்டு ரிப்போர்ட்டும் வேற வேறயா வந்தா?"

"லேபுக்காரன் சீட்டு கிழியும்."

"அதத்தான் உங்க சாமிக்கும் பண்ணப் போறோம். நீ கையெழுத்தே போடு, நான் வேணாங்கல. அதுக்கு முன்ன அந்தாளு ரிப்போர்ட்ட ஒரு தபா செக் பண்ணிடலாம்."

துணைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. பழவேற்காட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் இறால் கொண்டுவந்து அந்தத் தெருவில் விற்கும் நூர் முகம்மது அகப்பட்டார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் பின்வாங்கினார்.

"யக்கா, சாமி விஷயம். எனக்கெதுக்கு இந்த பேஜாரு?"

"பயப்படறியா பாய்?"

"பயமில்ல. எங்க ஊட்டுலயும் சஃபர் மாசத்துல வண்டி எடுக்கக்கூடாதும்பாங்க. பள்ளிவாசல்ல ஹஜரத்து அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாதுன்னு எத்தினி தபா சொன்னாலும் கேக்க மாட்டாங்க. உங்க ஊட்டுல ஆடி. மாசந்தான் வேற, நடுங்கறது ஒரே மாதிரிதான்." ஐஸ் பெட்டியின் மூடியைச் சாத்தினார். "சரி, குடுங்க அந்த ஜெராக்ஸ."

ஞாயிற்றுக்கிழமை. லெட்டருக்கு எட்டாவது நாள்.

நூர் முகம்மது தனியாக வந்து வரிசையில் முன்னால் நின்றார். பத்து ஆள் தள்ளித் தேசப்பனும் கெங்கம்மாளும். மூக்கில் முந்தானையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள். ஊதுவத்திப் புகை அவளுக்கு ஆகாது.

"இன்னா பாய், லெட்டர் வந்துச்சா?"

"எங்க நைனா, இன்னும் ஒரு வருசம் ஆவுமாம்" என்றார் நூர் முகம்மது. வெள்ளை டோக்கன்.

மஞ்சள் துணி சுருண்டது. செம்பு வந்தது. தீர்த்தம் தெறித்தது. துணி மஞ்சளாகவே இருந்தது.

"தங்கம்!" என்று சாமி கையைத் தூக்கினார். "ஆயுசுக்கும் ஒரு கீறல் வுழாது. லட்சுமியே சக்கரம் வெச்சிக்கினு வர்றா. எப்ப வந்தாலும் எடுத்துக்க."

ஜனம் ஆரவாரம் செய்தது. நூர் முகம்மது ஓரமாய் நின்றுகொண்டார். அடுத்தடுத்துப் பத்துப் பேர் போனார்கள். வெள்ளை டோக்கனெல்லாம் தங்கம், பச்சை டோக்கனெல்லாம் ரத்தம். கண்ணுக்கு நேரே நடந்தது. யாருக்கும் உறைக்கவில்லை.

தேசப்பன் பச்சை டோக்கனுடன் போனார். மடியில் அசல் சீட்டு. "கையெழுத்துப் போடறதுக்கு முன்ன கடைசியா ஒரு தபா பாத்துடுங்க சாமி." சாமி தெளித்தார். போன வாரத்தைவிட அதிகமாகவே சிவந்தது.

"பாரு, ஒரு வாரத்துல எவ்ளோ ஏறிப் போச்சி! போடு கையெழுத்த!"

தேசப்பன் பேனாவை எடுத்துவிட்டார். அவ்வளவு பார்த்த பிறகும் எடுத்துவிட்டார். அந்தச் சிவப்பைக் கண்டதும் அவருக்கு மனைவியின் முகம்தான் தெரிந்தது. கெங்கம்மாள் அவர் கையிலிருந்து பேனாவை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"சாமி, இந்த சீட்டு இன்னா நம்பரு?"

"எண்பத்தாறு. ஏன்?"

"பாய், உன் சீட்ட விரிச்சி எல்லாருக்கும் காட்டு."

நூர் முகம்மது விரித்துக் காட்டினார். எண்பத்தாறு.

"ஒரே காரு" என்றாள் கெங்கம்மாள். "பாயாண்ட போனா லட்சுமி, எங்க ஊட்டுக்கு வந்தா காட்டேரியா? பாய் லெட்டர் வரலன்னு சொன்னாரு, தங்கம். எங்களுக்கு வந்துடுச்சி, ரத்தம். இது இன்னா கணக்கு?"

மின்னல் சாமி லேசுப்பட்டவரா? முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"பைத்தியக்காரி! பாய் ராசி வேற, உன் புருஷன் ராசி வேற. காரா முக்கியம்? ஓட்டறவன் ராசிதான் முக்கியம்."

"அதானே!" என்றது ஜனம். அப்பாடா என்று பெருமூச்சு விட்டது. தான் ஏமாறவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் மனுஷனுக்கு எவ்வளவு நிம்மதி!

"ராசி ஆளுக்கா, செம்புக்கா?" என்று கேட்டாள் கெங்கம்மாள். சிஷ்யன் தடுப்பதற்குள் எட்டி இரண்டு செம்பையும் தூக்கிவிட்டாள். தாம்பாளத்தில் கிடந்த புது மஞ்சள் துணிகளில் இரண்டை உதறி, உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டி விரித்தாள். இந்தச் செம்பிலிருந்து இந்தத் துணிக்குக் கொஞ்சம். அந்தச் செம்பிலிருந்து அந்தத் துணிக்குக் கொஞ்சம்.

ஒன்று மஞ்சளாகவே இருந்தது. மற்றது செக்கச் செவேலென்று சிவந்தது.

"சீட்டும் இல்ல, காரும் இல்ல, ராசிக்காரனும் இல்ல. ரத்தம் மட்டும் வருது பாருங்க!"

முன்வரிசையில் நின்ற பச்சையம்மா குனிந்து துணியை முகர்ந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் கறுத்துவிட்டது.

"அடப்பாவி! இது ஆரத்தி! மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு! போன மாசந்தான் என் மருமவளுக்கு இந்தக் கையால கரைச்சி சுத்தினேன்!"

அந்தக் கொட்டகையில் நின்ற பெண்களில் ஆரத்தி கரைக்காதவள் யார்? ஆரத்திக்கு முன்னால் நிற்காத ஆண் யார்? கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று பிறந்ததிலிருந்து மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பார்த்துப் பார்த்துக் கண் பழுத்தவர்கள். வீட்டு வாசலில் சுண்ணாம்பு என்று தெரிந்தது, கவரைப்பேட்டைக் கொட்டகையில் ரத்தமாகிவிட்டது. துணியை மஞ்சளில் தோய்த்து, தெளியவைத்த சுண்ணாம்பு நீரை ஒரு செம்பில் ஊற்றியதுதான் சாமியின் மொத்த தவமும்.

கலியன் மேசையடியிலிருந்த ரெக்சின் பையோடு நழுவப் பார்த்தான். நூர் முகம்மது பையின் காதைப் பிடித்துக்கொண்டார். இழுத்த இழுப்பில் ஜிப் பிய்ந்து உள்ளே இருந்தது கொட்டியது. சீட்டுகள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய அசல் சீட்டுகள், பின்னால் கையெழுத்தோடு. குண்டத்தில் எரிந்ததெல்லாம் பழைய நோட்டுத் தாள். தோஷம் பிடித்த வண்டிகள் கலியன் வழியாகச் சென்னைக்குப் போய், கைமேல் பணம் வைத்தவர்களிடம் ஒரு சொட்டு ரத்தமும் கேட்காமல் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன.

"அப்போ என் எருமை?" என்று கூட்டத்திலிருந்து பரசுராமன் கத்தினான். பாவம், ஒரு வருஷமாய் அந்தத் தழும்பைத் தடவித் தடவிச் சாமியின் பெருமையைப் பேசியவன்.

"சத்தமே வராத வண்டிய ஹாரனும் அடிக்காம ஓட்டினா எருமைக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள் கெங்கம்மாள்.

அதற்குள் சாமிக்குச் சரியான பூசை நடந்துகொண்டிருந்தது. ஜீப்பில் வந்த ஏட்டு கூட்டத்தை விலக்கி அவரைக் காப்பாற்றி, விலங்கு மாட்டுவதற்கு முன் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

திங்கட்கிழமை மில்லில் லீவு கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, கெடுவின் கடைசி நாள். ஆடிச் செவ்வாய், ராகு காலம். தேசப்பன் எண்பத்தாறாம் நம்பர் வண்டியை வெளியே எடுத்தார். முப்பது டன் தூக்குகிற கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. பக்கத்தில் கெங்கம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். செங்குன்றம் தாண்டியது. முன்னால் லாரிகள் கறுப்பாய் ஊதின. அவள் இருமவில்லை. ஊர் எல்லை வரைக்கும் ஒரு தடவைகூட இருமவில்லை. தேசப்பன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார்.

"இந்த மூச்ச நானே எழுதிக் குடுத்துட்டிருப்பேனே புள்ள" என்றார்.

"அதான் குடுக்கலியே. ஓட்டுய்யா" என்றாள் அவள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஜனம் விட்டால்தானே?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தேசப்பன் கதவைத் திறந்தார். வாசலில் முப்பது பேர் நின்றார்கள். கையில் சீட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம். முன்னால் பச்சையம்மா. பின்னால் பரசுராமன், ஏற்கெனவே எடுத்த வண்டிக்குக்கூட!

"கெங்கம்மா, உனக்கு அருள் இருக்குது. அந்த ஃபிராடையே கண்டுபுடிச்சிட்ட. லெட்டர் வந்திருக்குது, எடுக்கலாமா வேணாமான்னு நீயே ஒரு பார்வை பாத்துச் சொல்லிடு தாயி" என்று சொல்லிக்கொண்டே பச்சையம்மா காலில் விழப் போனாள்.

கெங்கம்மாள் அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். வரிசையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

"காருக்குத்தான் பதிமூணு மாசம் காத்துக்கினு கெடந்தீங்க, சரி. பொறக்கும்போதே ஆளுக்கொரு மூளை அலாட் ஆயிருக்குதே, அத எப்ப டெலிவரி எடுக்கப் போறீங்க? அதுக்கு லெட்டரும் வராது, ஆடியும் கெடையாது. போங்க, போய் எடுங்க."